பில் ஓசூருக்கு, மூட்டை மாமூல்பேட்டைக்கு

என் மாமனார் வாணியம்பாடியில் எல்லோரிடமும் "மாப்பிள்ளை பெங்களூருவில் காண்ட்ராக்டர்" என்று சொல்லிவைத்திருக்கிறார். பொய் இல்லை. ஆனால் போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், காம்பவுண்டுச் சுவர் எழுப்ப அடிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். செங்கல்லா, ஹாலோ பிளாக்கா என்று நானும் கேட்டுவைத்தேன். நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கிறவன், சுவர் எழுப்புகிறவன் இல்லை என்று விளக்கத் தொடங்கினால் பொழுது இருட்டிவிடும்.

2009 முதல் 2022 டிசம்பர் வரை சிக்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினேன். படிப்பு பி.காம்., அதுவும் தபால்வழி. கடை முதலாளி ராஜஸ்தான்காரர். என்னை "முனிம்ஜி" என்றுதான் கூப்பிடுவார். அல்சூர் வீட்டிலிருந்து காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத் திரும்புவேன். கம்ப்யூட்டர் என்றால் எனக்கு டேலியும் எக்செலும் மட்டும்தான். மகன் சூரத்துக்குப் போய்த் தனி வியாபாரம் தொடங்கியதும் முதலாளி கடையைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டார். கணக்கு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனது. எனக்கு மூன்று மாதச் சம்பளமும் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழும் கிடைத்தன.

முப்பத்தொன்பது வயதில் ஐடிக்குப் போகலாம் என்ற யோசனை எனக்குத் தானாக வரவில்லை. வீட்டு மாடியில் குடியிருந்த பையன், வரி மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடுகிறார்கள், கணக்குத் தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்புண்டு என்றான். நம்பாமல்தான் பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நாற்பதாயிரம் கட்டினால் ஒரு கம்பெனியில் மூன்று ஆண்டு டெஸ்டராக வேலை பார்த்ததாகச் சான்றிதழ் தருகிறோம், சம்பளச் சீட்டு உட்பட எல்லாம் பக்காவாக இருக்கும் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி பள்ளி ஆசிரியை, விடைத்தாள் திருத்திக்கொண்டே, "கையில் பதின்மூன்று வருட அனுபவம் இருக்கும்போது மூன்று வருடத்தை எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்?" என்று கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டில் உட்கார்ந்தே படித்தேன். டெஸ்டர்களுக்கான ஐஎஸ்டிக்யூபி அடிப்படைத் தேர்வில் 40 கேள்விகள், ஒரு மணி நேரம், தேற 26 வேண்டும். நான் 31 வாங்கினேன். பாடத்தில் 'எல்லை மதிப்புப் பகுப்பாய்வு' என்று ஒரு முறை வருகிறது. ஒரு விதி எந்த எண்ணில் மாறுகிறதோ, அந்த எண்ணையும் அதற்கு ஒட்டினாற்போல் கீழும் மேலும் உள்ளதையும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறது. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், அதை வண்டியில் அனுப்ப அரசுத் தளத்தில் இ-வே பில் போட வேண்டும் என்று 2018 ஏப்ரலில் வந்த நாளிலிருந்து, "49,900-க்குள் பில்லை முடித்துக்கொடுங்கள் முனிம்ஜி" என்று கேட்காத பார்ட்டியே சிக்பேட்டையில் கிடையாது. அவர்களுக்குத் தெரிந்த அளவு எல்லை மதிப்பு எந்தப் பாடப்புத்தகத்துக்கும் தெரியாது.

தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழி மட்டும் முதல் பத்து நாள் அழவைத்தது. எக்செலில் வடிகட்டிப் பார்ப்பதைத்தான் இங்கே வாக்கியமாக எழுதச் சொல்கிறார்கள் என்று புரிந்த பிறகு பயம் விட்டது.

ஆறு இடங்களில் நேர்காணல். ஐந்து இடங்களில், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏபிஐ என்றால் என்ன என்று கேட்டார்கள். நான் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். அது மனப்பாடம் என்று அவர்களுக்கும் தெரிந்தது. ஆறாவது இடத்தில் இருந்த அம்மையார் என் விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒரு இன்வாய்ஸை ரத்து செய்தால் என்ன நடக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

"எப்போது ரத்து செய்கிறார்கள், மேடம்?" என்றேன். அரசு போர்ட்டலில் பில்லைப் பதிந்து இ-இன்வாய்ஸ் எண் வாங்கி 24 மணி நேரத்துக்குள் என்றால் போர்ட்டலிலேயே ரத்து செய்யலாம். நாள் தாண்டிவிட்டால் முடியாது, தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட்தான் போட வேண்டும். அதற்குள் லாரி கிளம்பிவிட்டதா என்பது வேறு கேள்வி. அடுத்த மாதம் 11-ஆம் தேதி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போட்டாகிவிட்டதா என்பது இன்னொன்று. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், "இதில் இரண்டை நாங்களே யோசிக்கவில்லை" என்றார். 2023 ஜூன் 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்தேன்.

'சேர்ந்தேன்' என்பதும் முழுக்கச் சரியில்லை. மென்பொருளை வாங்கும் நிறுவனம் ஒன்று, அதைச் செய்துதரும் பெரிய கம்பெனி ஒன்று, அதற்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி ஒன்று. அந்த ஏஜென்சியோடுதான் என் ஒப்பந்தம். அலுவலகத்தில் நிரந்தர ஊழியர்களின் அடையாள அட்டைக்கு நீலக் கயிறு, எங்களுக்குச் சாம்பல் கயிறு. முதல் வாரம் உறுத்தியது, பிறகு கயிற்றைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். உறுத்தல் விடாத விஷயம் வேறு. சிக்பேட்டையில் தரகருக்கு எத்தனை சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே என்னை நாளுக்கு எவ்வளவுக்கு விற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு நாளுக்கு 2,500 ரூபாய். கடைச் சம்பளத்தைவிட அதிகம்தான். ஆனால் வேலை செய்த நாளுக்கு மட்டும். பி.எஃப். இல்லை, மருத்துவக் காப்பீடு சொந்தச் செலவு. 2024 பொங்கல் திங்கட்கிழமை வந்தது, அலுவலகம் விடுமுறை, கரும்பு வாங்குவதற்கு முன்பே எனக்கு 2,500 செலவு. மாதம் முடிந்ததும் இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும், 45 நாள் கழித்துப் பணம் வரும், அதில் வருமான வரிக்காக 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொள்வார்கள். ஜூன் 1-இல் சேர்ந்தவன் முதல் பணத்தை ஆகஸ்ட் நடுவில்தான் கண்ணால் பார்த்தேன். மனைவியின் சம்பளம் இல்லையென்றால் ஜூலையிலேயே வேறு கடை தேடியிருப்பேன். இந்த வழியில் வர நினைப்பவர்கள் பைதான், ஜாவா என்று விசாரிப்பதற்கு முன்னால் வீட்டில் நான்கு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிடித்த டிடிஎஸ், வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்றும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். எனக்கு ஒரு காலாண்டு ஏறவே இல்லை. என் பான் எண்ணில் ஓர் எழுத்தை ஏஜென்சியில் மாற்றி அடித்திருந்தார்கள். திருத்த வைக்க எட்டு மின்னஞ்சல்கள்.

முதல் இன்வாய்ஸ் தயாரித்த இரவு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பதின்மூன்று வருடம் அடுத்தவர் பெயரில் பில் அடித்த கை. மேலே என் பெயரை அடித்து, எண் 001 என்று போட்டேன். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்பதால் எனக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஜிஎஸ்டியைச் சோதிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் பில்லில் ஜிஎஸ்டி கிடையாது.

அந்த நாட்களில் அலுவலகம் இருக்கும் ஒயிட்ஃபீல்டு போவதே பெரும்பாடு. பையப்பனஹள்ளி வரை மெட்ரோ, அங்கிருந்து கே.ஆர்.புரத்துக்குப் பஸ், மறுபடி மெட்ரோ. 2023 அக்டோபரில் நடுவில் இருந்த துண்டையும் திறந்த பிறகுதான் ஒரே ரயிலில் உட்கார்ந்து போக முடிந்தது.

நான் பிடித்த முதல் பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். 2018-இல் ஓசூர்ப் பார்ட்டி ஒருவர் 2,40,000 ரூபாய்க்குத் துணி வாங்கினார். பில் ஓசூர்க் கடைக்கு. மூட்டையை மட்டும் மாமூல்பேட்டையில் இருக்கும் தன் மைத்துனர் கடையில் இறக்கச் சொன்னார். எங்கள் கடையிலிருந்து நான்கு தெரு. சரக்கு கர்நாடகத்தைத் தாண்டவில்லையே என்று நான், மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான சிஜிஎஸ்டி 6,000, எஸ்ஜிஎஸ்டி 6,000 போட்டேன். தவறு. இறக்கச் சொன்னவர் ஓசூர்க்காரர் என்றால், சரக்கு ஓசூருக்குப் போனதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி 12,000 போட்டிருக்க வேண்டும். பார்ட்டிக்கு வரி வரவு கிடைக்காமல் போய், அவர் போனில் கத்த, முதலாளி என்னிடம் கத்த, சரியான வரியைத் தனியாகக் கட்டிவிட்டுத் தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைந்தோம்.

சேர்ந்த மூன்றாவது வாரம், சோதனைத் திரையில் பில் முகவரி, டெலிவரி முகவரி என்று இரண்டு கட்டங்களைப் பார்த்ததும் கை தானாக அடித்தது. விற்பவர் கர்நாடகம். பில் முகவரிக்கு 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண். டெலிவரிக்கு மாமூல்பேட்டையின் பின்கோடு, 560053. தொகை 2,40,000. சிஜிஎஸ்டி 6,000, எஸ்ஜிஎஸ்டி 6,000 என்று வந்தது. அந்த வயிற்றுக் கலக்கம் மறுபடியும் வந்தது.

பிழையைப் பதிவுசெய்து டிக்கெட் எழுதினேன். டெவலப்பர் தம்பி அரை மணியில் 'வடிவமைப்பின்படி சரி' என்று மூடிவிட்டார். அவர் மேசைக்குப் போனேன். "சரக்கு மாநிலத்தை விட்டே போகவில்லையே சார்" என்றார், 2018-இல் நான் சொன்ன அதே குரலில். காகிதத்தில் படம் போட்டு மைத்துனர் கடைக் கதையைச் சொன்னேன். டிக்கெட்டைத் திறந்தார். மறுநாள் அதே எண்களை அடித்தேன்: ஐஜிஎஸ்டி 12,000.

ஒப்பந்தத்தை ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது மார்ச் 31 வரை கையெழுத்தாகியிருக்கிறது. போன மாத வேலைக்கான இன்வாய்ஸ் எண் 031. அனுப்பியாகிவிட்டது, பணம் பிப்ரவரி நடுவில்தான்.