வகுப்பிலேயே மூத்தவள்

ஸ்பானிஷ் வகுப்பில் அன்றைக்கு ஒப்பீட்டுப் பாடம். ஆசிரியை எங்கள் எல்லாரையும் எழுந்து வரிசையாக நிற்கச் சொன்னார். உக்ரைன் பையனைக் காட்டி, வகுப்பிலேயே உயரமானவன் என்றார். கைதட்டினோம். அப்புறம் என் பக்கம் கையை நீட்டி, "லா மயோர் தே லா க்ளாசே" என்றார். வகுப்பிலேயே வயதில் மூத்தவள். அதற்கும் கைதட்டினார்கள்.

சுருக்கென்றது. நாற்பதைத் தாண்டியது ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் கும்பகோணத்தில் நான் கடைக்குட்டி. இரண்டு அக்கா, ஒரு அண்ணனுக்கு அப்புறம் பிறந்தவள். இப்போது ஊருக்குப் போனாலும், நிலம் வீடு என்று பேச்சு வந்தால் "நீ சின்னவ, உள்ள போய் காபி போடு" என்பார்கள். அந்த வீட்டில் கிடைக்காத பதவி உயர்வு மாட்ரிட்டில், இருபது வயதுப் பிள்ளைகள் நடுவில், கேட்காமலே கிடைத்துவிட்டது.

பாடம் என்னவோ எளிதுதான். அதிகம் என்றால் 'மாஸ்', குறைவு என்றால் 'மெனோஸ்', பின்னால் ஒரு 'கே'. இருவரும் சம உயரம் என்றால் 'தான்', 'கோமோ'. பொருள்களின் அளவு சமம் என்று சொல்லும்போதுதான் வம்பு. அந்தச் சொல் ஆண்பாலா பெண்பாலா, ஒருமையா பன்மையா என்று பார்த்து தாந்தோ, தாந்தா, தாந்தோஸ், தாந்தாஸ் என்று மாற்ற வேண்டும். 'இன்னும் நல்லது', 'இன்னும் மோசம்' இரண்டுக்கும் மெஹோர், பெயோர் என்று தனிச் சொற்கள் உண்டு. அவற்றின் முன்னால் மாஸ் போட்டால் ஆசிரியையின் முகம் சுளிக்கும். எண்ணுக்கு முன்னால் 'கே' வராது, 'தே' வரும். 'மாஸ் தே தியெஸ்' என்றால் பத்துக்கு மேல். ஆனால் "நோ தெங்கோ மாஸ் கே தியெஸ்" என்றால் என்னிடம் பத்துதான் இருக்கிறது என்று அர்த்தம். காய்கறிக் கடையில் சில்லறையை எண்ணிக்கொண்டு நிற்கும்போது உதவும்.

வரிசைதான் எனக்குப் பிடித்தது. நாம் அளவுகோலை முதலில் வைப்போம். "எதிர்வீட்டுப் பொண்ணைவிட..." என்று அம்மா ஆரம்பித்ததுமே மீதி தெரிந்துவிடும். ஸ்பானிஷில் அந்தப் பெண் கடைசியில்தான் வருகிறாள். அவள் வந்து சேரும்வரை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது 'இசிமோ'. பெயரடையின் வாலில் இதை ஒட்டினால் போதும், நேரே உச்சிதான். விலை அதிகம் என்றால் காரோ, கொள்ளை விலை என்றால் காரீசிமோ. ருசி ரிக்கோ, அபார ருசி ரிக்கீசிமோ. இங்கே ஆளாளுக்கு வாரி இறைக்கிறார்கள். இரவு ஒன்பதுக்கு மேல் சாப்பிடுகிற ஊரில் நான் எட்டு மணிக்குத் தட்டு வைத்தால் தெம்ப்ரானீசிமோ, ரொம்ப ரொம்ப சீக்கிரமாம். என் பையன் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டதற்கே கீழ் வீட்டுப் பாட்டி அவனுக்கு ஒரு இசிமோ கொடுத்தார்.

அந்தப் பாட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோனேன். முதல் வாய்க்கு "ரிக்கீசிமோ!" இரண்டாவது வாய்க்கு "புவெனீசிமோ!" மூன்றாவது வாய் இல்லை. மீதியை அப்புறம் சாப்பிடுகிறேன் என்று மூடி வைத்துவிட்டார்.

எங்கள் அப்பா சமையலைப் பாராட்டி நான் கேட்டதில்லை. அம்மாவின் வத்தக்குழம்புக்கு "பரவாயில்லை" என்பார். அவரிடம் அதற்கு மேல் படி கிடையாது. அதைச் சொல்லிவிட்டு மறுசோறு வாங்குவார். அப்புறம் சட்டியையே இழுத்து, ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுப் பிசைவார். எனக்கு ஒரு பொட்டு மிச்சம் வைத்தாரா பாருங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா மோர்ச்சாதத்துக்கு உட்காருவாள். அந்த முணுமுணுப்பில் இருந்த பெருமை இருக்கிறதே! பாட்டி மேல் தப்பில்லை, காரம் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கும். ஆனாலும் படி இறங்கும்போது, அந்த இரண்டு இசிமோவையும் கொடுத்துவிட்டு ஒரே ஒரு 'பரவாயில்லை' வாங்கிக்கொள்ள முடியுமா என்றிருந்தது.

சரி, இப்போதெல்லாம் பழகிவிட்டது. லாவாபியஸ் பக்கம் போனால் வங்கதேசத்துக்காரர் கடையில் பருப்பும் புளியும் கிடைக்கின்றன. ஜூன் மாதம் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதைப் பார்த்துத் திகைப்பதில்லை. குடியுரிமைக்கான ஏ2 நிலை ஸ்பானிஷ் மொழித் தேர்வைக்கூட எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் குடியுரிமை கேட்க இந்தியர்கள் 10 வருஷம் சட்டப்படி இங்கே வசித்திருக்க வேண்டும். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு 2 வருஷம் போதும், அவள் நாடு ஸ்பெயின் ஆண்ட நாடு. மாஸ், மெனோஸ் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் புத்தகத்தில் இல்லை. மகாமகமே 12 வருஷத்தில் வந்துவிடுகிறது! 2016-இல் வந்தது, அடுத்தது 2028. 2004 மகாமகத்தில் பெரியக்காவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு குளத்தின் இருபது தீர்த்தக் கிணறுகளையும் சுற்றி வந்தேன். கல்லூரி முடித்தவள், குழந்தை மாதிரி. கடைக்குட்டிக்கு அந்தச் சலுகை உண்டு.

போன வாரம் வீட்டுப்பாடம்: பிறந்த ஊரையும் இருக்கும் ஊரையும் 80 சொல்லில் ஒப்பிட வேண்டும். காவிரி மான்சனாரெஸ் ஆற்றைவிட அகலம் என்று ஆரம்பித்தேன். டிகிரி காபிக்கு ஒரு மெஹோர், கொழுந்து வெற்றிலைக்கு ஒரு இசிமா. 80 சொல் எப்போதோ தாண்டிவிட்டது. கடைசியில் மாட்ரிட்டுக்கு ஒரு வாக்கியம் ஒதுக்கினேன்: இந்த ஊர் மெட்ரோ எங்கள் டவுன் பஸ்ஸைவிட வேகம். ஆசிரியை படித்துவிட்டு, இலக்கணம் சரி, மாட்ரிட் எங்கே என்று கேட்டார். வியாழக்கிழமைக்குள் திருப்பி எழுத வேண்டுமாம்.

குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும் என்று எழுதியிருக்கிறேன். ரெத்திரோ பூங்கா பெரியது என்று அடுத்த வரி. எதைவிட என்று சொல்லாமல் ஒப்பீடு முடியாதே, மகாமகக் குளத்தைவிட என்று போட்டேன். அப்புறம் குளத்தைப் பற்றி இரண்டு வரி சேர்க்காமல் இருக்க முடியவில்லை.