திஹுவானாவின் கலைத்தடங்களைத் தேடி: ஏழு மாத வேலை

ஜனவரியில் தொடங்கியது இது. அமெரிக்காவின் சான் டியேகோ நகர டிராமின் கடைசி நிறுத்தம் சான் இசிட்ரோ. அங்கே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மெக்சிகோவின் திஹுவானா நகரம். பல வருடங்களாக டாக்கோ சாப்பிடவும் பல் வைத்தியத்துக்கும் மட்டுமே அந்தப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் பழைய புத்தகக் கடையில், இரு நகரங்களும் சேர்ந்து நடத்திய இன்சைட் கலைவிழாவின் 1997 தொகுப்பு நூல் கிடைத்தது. அதில் ஒரு படம்: எல்லைச் சாவடியில் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, நடுவே பத்து மீட்டர் உயர மரக்குதிரை. இரண்டு தலை: ஒன்று வடக்கே பார்க்கிறது, இன்னொன்று தெற்கே. மரச்சட்டங்களுக்கு நடுவே பார்த்தால் வயிறு காலி. கிரேக்கக் கதையின் ட்ராய் குதிரைக்குள் வீரர்கள் ஒளிந்திருந்தார்கள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. செய்தவர் திஹுவானாக்காரரான மார்கோஸ் ரமிரெஸ் எர்ரே. சட்டம் படித்துவிட்டு, அமெரிக்கக் கட்டுமான வேலைகளில் தச்சராகப் பல வருடம் உழைத்தவர்.

அந்த இடத்தை நான் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். அங்கே அப்படி ஒன்று நின்றதற்கு ஓர் அறிகுறிகூட இல்லை. 1980-களிலிருந்து இந்த நகரத்தில் என்னென்ன நின்றன, எங்கே நின்றன என்று எழுதிவைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

முதல் இரண்டு மாதம் எக்செலில் ஆண்டுவரிசை போட்டேன். 1984: எல்லைக் கலைப் பட்டறை என்ற கலைஞர் குழு தொடக்கம். 1988: கலைஞர் ரிச்சர்ட் லோ, விமான நிலையத்துக்குக் கிழக்கே எல்லைக்கோட்டில் ஒரு கதவைத் தனியாக நிறுத்தி, அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சாவிகளைத் தொங்கவிட்டு, தான் வளர்ந்த பகுதிக்கு நடந்துபோய் அங்கிருந்தவர்களிடம் சாவி கொடுத்தார். அப்புறம் 1992, 1994, 1997, 2000, 2005 என்று இன்சைட் ஆண்டுகள்.

மார்ச்சில் நிறுத்திவிட்டுப் பட்டியலைப் பார்த்தபோது மனசு ஒப்பவில்லை. விழா நடந்த ஆண்டுகளில் வரிகள் குவிந்திருந்தன, நடுவில் எல்லாம் வெறுமை. விழா வந்தால்தான் ஊர் விழித்தது என்பது போலத் தெரிந்தது. அது பொய். ராவுல் கார்தெனாஸ் 1995-இலேயே தோரோலாப் என்ற கலைக் குழுவைத் தொடங்கிவிட்டார். நோர்தெக் இசைக்குழு 1999-இல் வந்தது. ஹைமே ருயிஸ் ஓடிஸ், மக்கிலாடோரா எனப்படும் எல்லையோர ஏற்றுமதித் தொழிற்சாலைகள் தூக்கிப்போட்ட பொருள்களைச் சேர்த்துக்கொண்டுவந்தார். துணியும் தோலும் வெட்டும் மேசையின் விரிப்பில் கத்தி விட்டுப்போன கீறல்களையே அச்சுத்தகடாக்கி அவர் எடுத்த படங்கள் எனக்கு இந்த ஊரின் மிக அழகான கலைப்பொருள்கள். புத்தகம் போட்டவர்களின் வேலை பதிவாகியிருக்கிறது, புத்தகம் இல்லாதவர்களுடையது பதிவாகவில்லை. அந்தச் சாய்வை நான் அப்படியே நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் பட்டியலைக் கலைத்து, இடத்துக்கு ஓர் அட்டை என்று மாற்றினேன். வேலை உண்மையில் அப்போதுதான் தொடங்கியது.

சோனா ரியோ அட்டையைச் சொல்கிறேன். இன்று அகலமான சாலைகளும் அங்காடிகளுமாக இருக்கும் அந்த ஆற்றோரத்தில் 1970-கள் வரை கார்தோலாந்தியா என்ற குடிசைப்பகுதி இருந்தது. அட்டைப்பெட்டி ஊர் என்று பொருள். அதை அகற்றிய பிறகு உருவான புதிய பகுதியில் 1982-இல் திஹுவானா பண்பாட்டு மையம் திறந்தது. அதன் உருண்டைக் கட்டடத்தை ஊரே 'லா போலா', அதாவது பந்து, என்று கூப்பிடுகிறது. 1994-இல் அந்த மையத்தின் முற்றத்திலேயே எர்ரே கழித்துப்போட்ட பொருள்களால் ஒரு குடிசை கட்டினார். 2001 பிப்ரவரியில் கிறிஸ்டோஃப் வோடிச்கோ, தொழிற்சாலைப் பெண்களின் முகங்களை அந்த உருண்டையின் மேல் ஒளிப்படமாக நேரலையில் காட்டினார். வேலையிடத்திலும் வீட்டிலும் தாங்கள் பட்டதை அந்தப் பெண்களே பேச, ஊர் கீழே நின்று கேட்டது. 2008-இல் பக்கத்திலேயே எல் கூபோ காட்சிக்கூடம் வந்தது. ஆண்டுவரிசையில் இவை வேறு வேறு பக்கங்களில் கிடந்தன. ஒரே அட்டையில் வந்தபின்தான், எர்ரேயின் குடிசை எந்த மண்ணில் நின்றது என்பது எனக்கு உறைத்தது.

தேதியில்லாத புகைப்படங்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன்: வேலியைப் பார்ப்பது. வியட்நாம் போரில் மிஞ்சிய விமானத்தளத் தகடுகளால் கட்டிய துருவேலி 1990-களின் தொடக்கத்தில் வந்தது. நகரப்பகுதியில் 2018, 2019 வாக்கில் அதை எடுத்துவிட்டு உயரமான இரும்புக் கம்பங்களை நட்டார்கள். அதனால் தகடு தெரிந்தால் ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். கடற்கரையில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ப்ளாயாஸில் கம்பவேலி முன்பே உண்டு; 2011-இல் அனா தெரேசா ஃபெர்னாண்டெஸ் வானநீலம் பூசி மறைத்தது அந்தக் கம்பங்களைத்தான். இது தெரியாமல் மூன்று படங்களைத் தப்பான பத்தாண்டில் போட்டு, பிறகு திருத்தினேன்.

மே மாதம் குதிரை நின்ற இடத்தைத் தேடிப் போனேன். சாவடியையே புதிதாகக் கட்டி 2019-இல் முடித்திருக்கிறார்கள்; பழைய படத்தில் இருக்கும் ஒரு கூரைகூட இப்போது இல்லை. தூரத்து மலைச்சரிவை வைத்துத்தான் உத்தேசமாகக் குறித்தேன். அட்டைகளில் 'எவ்வளவு நேரம் நின்றது' என்று ஒரு கட்டம் சேர்த்ததும் அன்றுதான். ஹவியர் தெய்யேஸ் 2005-இல் ப்ளாயாஸில் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில் ஒரு சர்க்கஸ் வீரர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, பீரங்கியிலிருந்து வேலிக்கு மேலே பறந்து அமெரிக்காவில் விழுந்தார். அந்தக் கட்டத்தில் 'சில நொடி' என்று எழுதினேன். வோடிச்கோவுக்கு 'இரண்டு இரவு'.

ஃபிரான்சிஸ் அலிஸ் என்ற கலைஞர் இரண்டு வாரம் என்னை வேலை செய்யவிடவில்லை. 1997-இல் அவர் அந்த எல்லையைக் கடக்காமல் திஹுவானாவிலிருந்து சான் டியேகோ போனார். தெற்கே சாந்தியாகோ வரை இறங்கி, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஷாங்காய், அலாஸ்கா என்று பசிபிக்கையே சுற்றினார். இதை எந்த இடத்தின் அட்டையில் எழுதுவது? கடைசியில் அட்டை போடவில்லை. வரைபடத்தின் வெளிவிளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு இழுத்தேன்.

இப்போது வேலை நிற்பது பசாஹே ரோட்ரிகெஸ் என்ற கடைச்சந்தில். போதைக் கும்பல்களின் வன்முறையில் சுற்றுலாப் பயணிகள் வராமல்போனதும் அவெனிதா ரெவொலூசியோனை ஒட்டிய நினைவுப்பொருள் கடைகள் மூடின. 2010 வாக்கில் உள்ளூர் இளைஞர்கள் அந்தச் சந்தில் ஓவியக்கூடங்களும் புத்தகக்கடைகளும் போட்டார்கள். கேள்வி கேட்டால் கடைக்காரர்கள் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள். என் ஸ்பானிஷும் அதற்குமேல் போகாது. போன சனிக்கிழமை கேள்வியை விட்டுவிட்டுப் பழைய படங்களை அச்செடுத்துக் கொண்டுபோனேன். காபிக்கடைப் பெரியவர் ஒரு படத்தை வாங்கி, மூடியிருந்த கதவுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, யார் எப்போது அதைத் திறந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். பதினொரு கதவுக்கு எழுதியாகிவிட்டது. மீதிக்கு அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.