எத்தனை மணி நேரக் கொழுந்து போனால் பரவாயில்லை?

தேயிலைத் தோட்டக் கணக்கு கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு, தரவைச் சேமித்துக் காக்கும் ஸ்டோரேஜ் வேலை பார்க்கும் எங்களுக்கும், பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டாகிவிட்டது. காலை, பகல், அந்தி என்று ஒவ்வொரு நிறுவையும் ஆளின் இலக்கத்தோடு பதிவாகிறது. அந்தக் கிலோதான் முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (அரைநாள் சம்பளம்) என்று தீர்மானிக்கிறது. ஒரு நிறுவை தொலைந்தால் யாரோ ஒரு அக்காவின் சம்பளத்தில் அது தெரியும்.

ஆனால் எங்கள் கூட்டங்களில் பேச்செல்லாம் ஆர்.பி.ஓ., ஆர்.டி.ஓ. பற்றித்தான். முதலாவது, எவ்வளவு நேரத்துத் தரவு போனால் தாங்கலாம் என்பது. இரண்டாவது, எவ்வளவு நேரத்துக்குள் சிஸ்டம் திரும்ப எழ வேண்டும் என்பது. இரண்டையும் கொழும்பில் இருந்துகொண்டே நிரப்பிவிடுவார்கள். ஆர்.பி.ஓ.வைச் சொல்ல வேண்டியவர் செக்ரோல் என்ற வேலை-சம்பளப் பதிவேட்டை எழுதுகிறவர் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் அதை எழுதும் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டேன்: "ஐயா, அந்திக் கொழுந்துக் கணக்கு மட்டும் அழிஞ்சு போனா திரும்ப எழுதிரலாமா?"

"துண்டு இருந்தா எழுதலாம் தம்பி. துண்டு இல்லாட்டி யாரு கிலோவ யாரு பேர்ல போடுறது?"

எங்களுக்கு வேண்டிய விடை அதுதான். நிறுவைத் துண்டை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இப்போது ஆர்.பி.ஓ. முடிவாகிறது.

அடுத்தது, தரவின் இன்னொரு பிரதி இருக்கும் இடத்துக்கான தூரம். ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த இடத்திலும் எழுதுவதுதான் ரெப்ளிகேஷன். சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷனில் இரண்டு பக்கமும் எழுதி முடித்த பிறகே 'சரி' என்ற பதில் வரும். அதனால் எதுவும் தொலையாது. ஃபைபரில் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகிறது. 100 கிலோமீட்டர் கேபிளில் போய்வர ஒரு மில்லிசெகண்ட். கணக்குப்படி கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே இது முடியும். ஆனால் மலையில் மண் சரிந்தால் கேபிளும் போகும். பதில் வராமல் எழுத்து நின்றால் மடுவத்தில் தராசுக்கு முன்னால் வரிசை நிற்கும். அதனால் அந்தப் பக்கத்துப் பதிலுக்குக் காத்திராத அசிங்க்ரனஸ் முறைக்கு நாங்கள் போனோம். லைன் அறுந்தால் மாற்றங்கள் ஜர்னல் என்ற தற்காலிகப் பதிவில் சேர்ந்திருக்கும், லைன் வந்ததும் போய்ச் சேரும். ஜர்னல் நிரம்பும் முன் லைன் வர வேண்டும், அதுதான் மழைக்காலக் கவலை.

ரெப்ளிகேஷன் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று இன்னமும் கேட்கிறார்கள். தவறுதலாக அழித்ததையும் அது அப்படியே அந்தப் பக்கம் அழித்து வைக்கும். ஒரு நேரத்துத் தரவின் நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டும் பெரும்பாலும் அதே ஸ்டோரேஜ் பெட்டிக்குள்தான். பெட்டி போனால் அதுவும் போச்சு. 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரச கிளவுட்டை தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது சிஸ்டம் சீக்கிரமே எழுந்துவிட்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை, அந்தக் காலத்துக்கு பேக்கப் இல்லை. ஆர்.டி.ஓ. நன்றாக இருந்தும் ஆர்.பி.ஓ. மாதக்கணக்கில் போய் நின்ற உதாரணம் இது.

எங்கள் பேக்கப்பின் ஒரு பிரதி நெட்வொர்க்கில் இணைக்கப்படாமல் தனியாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு பழைய மாதத்து செக்ரோலை அவ்வப்போது எடுத்து கிளாக்கர் ஐயாவுக்கு அனுப்புகிறோம். அவர் தன் புத்தகத்தோடு ஒப்பிட்டு, கிலோக் கூட்டுத்தொகை சரி என்று சொன்ன பிறகுதான் ரிஸ்டோர் டெஸ்ட் முடிந்ததாகக் குறிக்கிறோம்.