யூனியன் நிறுத்திய பிரசிடெண்ட் வேட்பாளர்

எங்கள் பக்கத்தில் பிரசிடெண்ட் என்றால் ஊராட்சித் தலைவர்தான், டெல்லியில் இருப்பவர் இல்லை. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், கடல்பாசி எடுக்கும் பெண்களின் சங்கத்திலிருந்து எங்கள் அக்கா ஒருவரை அந்தப் பதவிக்கு நிறுத்தி ஓட்டுக் கேட்டோம். சங்கத்தில் கணக்கு நோட்டு எழுதுகிறவள் நான். வேறு ஏதாவது சங்கம் இப்படி இறங்க நினைத்தால் உதவட்டுமே என்று, நாங்கள் சொதப்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்குப் பக்கத்தில், தென்கடல் என்று நாங்கள் சொல்கிற மன்னார் வளைகுடாக் கரையில் எங்கள் ஊர். நிற்பதா வேண்டாமா என்பதற்கே இரண்டு கூட்டம் போட்டோம். "சங்கம் கடலுக்கு, அதை ஊருக்குள்ள இழுத்துட்டு வராதீங்கடி" என்று ஒரு மதினி பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஏனென்றால் எங்களுடைய பெரிய சண்டையே தீவுப் பக்கம் பாசி எடுப்பதைப் பற்றியது, எங்கள் கடலில் இருக்கிற அந்த 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அதில் பிரசிடெண்டால் ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. கடைசியில் அவரால் முடிகிறதை மட்டும் கேட்போம் என்று முடிவானது: பாசி காயப்போட ஒரு களம், தெருக்குழாயில் தண்ணீர், கரைக்குப் போகிற பாதையில் லைட்.

மனுத் தாக்கல் 9-ம் தேதி முதல் 16 வரை. வீட்டு வரி பாக்கியைக் கட்டி ரசீது வாங்கினோம், டெபாசிட் 600 ரூபாய், அதில் சிக்கல் எதுவும் இல்லை. பிரசிடெண்ட் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் 19-ம் தேதி சாயங்காலம் கொடுத்தது பூட்டு சாவி. எதிரே நின்றவருக்கு அவர் வீட்டுக்காரர்தான் ஓட்டுக் கேட்டார், அந்தம்மா கும்பிட்டதோடு சரி.

ஆனால் நாள் கணக்கில் கோட்டை விட்டோம். நாங்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போவது, அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அந்த டிசம்பரில் அமாவாசை 26-ம் தேதி (சூரிய கிரகணமும் அன்றைக்குத்தான்), ஓட்டுப்பதிவோ 27, 30 என்று இரண்டு கட்டம். ஓட்டுக் கேட்க வேண்டிய நேரத்தில் வேட்பாளரே முட்டளவு தண்ணீரில் குனிந்து மரிக்கொழுந்து பாசி பறித்துக்கொண்டிருந்தார். போகாதே என்று யார் சொல்வது? அந்த ஆறு நாள் கூலியை யார் கொடுப்பது? கரைக்கு வந்து, விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் வீடு வீடாகப் போவோம், ஈரக் கையில் நோட்டீஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குள் எதிர்த்தரப்பு இரண்டு சுற்று முடித்திருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த வேலை மாதிரி ஓட்டுச் சீட்டுதான். நாலு ஓட்டு, நாலு நிறம்: வார்டுக்கு வெள்ளை, பிரசிடெண்டுக்கு இளஞ்சிவப்பு, யூனியன் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். கலர் பேப்பர் வாங்கி வெட்டி, வெண்டைக்காய்க் காம்பை நறுக்கி மையில் தொட்டு, எங்கே குத்த வேண்டும், எப்படி மடிக்க வேண்டும் என்று அப்பத்தாக்களை உட்காரவைத்துப் பழக்கினோம். நன்றாகத்தான் குத்தினார்கள்.

கேட்ட விதத்தில்தான் கோளாறு. தெருத்தெருவாக நாங்கள் கத்தியது, "நம்ம யூனியன் வேட்பாளர், பூட்டு சாவிக்குப் போடுங்க". எங்களுக்கு யூனியன் என்றால் சங்கம், ஊருக்கு யூனியன் என்றால் யூனியன் ஆபீஸ், அதாவது ஊராட்சி ஒன்றியம். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த ஒரு அப்பத்தா என்னைப் பிடித்துக்கொண்டு, "யூனியன் சீட்டுல பூட்டையும் காணோம் சாவியையும் காணோம், எங்கடி வச்சீங்க?" என்றார். பச்சைச் சீட்டில் தேடியிருக்கிறார். இளஞ்சிவப்பை என்ன செய்தீர்கள் என்றேன். "அது சும்மா மடிச்சுப் போட்டுட்டேன்." எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இன்னும் எத்தனை பேர் அப்படிச் செய்தார்களோ.

ஜனவரி 2 எண்ணிக்கை. பெட்டியைக் கொட்டி முதலில் நிறம் நிறமாகப் பிரிக்கவே பாதிப் பகல் போய்விடும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, ஏஜெண்டாகப் போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஊருக்கு முடிவு வந்தபோது நடுராத்திரி தாண்டிவிட்டது. 23 ஓட்டில் தோற்றோம். இளஞ்சிவப்பில் செல்லாதவை 57, அதில் முத்திரையே விழாத சீட்டுகள் ஒரு கத்தை.

மொத்தச் செலவு 11,450 ரூபாய், பாதிக்கு மேல் டீயும் வடையும். உச்சவரம்பான 34,000 கிட்டக்கூடப் போகவில்லை. சங்கத்தில் 140 பேர், வீட்டுக்கு மூன்று ஓட்டு என்று நான் நோட்டில் போட்ட கணக்கை இப்போது பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அந்த 140 பேரில் எத்தனை பேர் கொழுந்தனார் சொன்ன சின்னத்தில் குத்தினார்களோ. கூட்டத்தில் எதிர்த்த மதினி மட்டும் கடைசி நாள் வரை எங்களோடு அலைந்தார்.

அக்கா அழவில்லை. ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால் டெபாசிட் திரும்ப வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விடிந்ததும் விடியாததுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அந்த 600 ரூபாய்க்கு ரசீது உன்கிட்டதானே இருக்கு, பௌர்ணமிப் பாசிக்கு முன்னாடி போய் வாங்கிட்டு வந்துருவோம்" என்றார்.