சோக்கேகிராவ்: நிழலைப் பார்த்துப் போட்ட திட்டம்

பெரு என்றாலே எல்லோருக்கும் மச்சு பிச்சுதான் ஞாபகம் வரும், எங்களுக்கும் அங்கேதான் ஆரம்பித்தது. அங்கே நடந்து போகும் இன்கா பாதையில் நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதிலும் சுமை தூக்குகிறவர்கள், வழிகாட்டிகள் எல்லாம் அடக்கம், நாங்கள் பார்க்கும்போது ஜூன் மாதத்து இடம் மொத்தமும் போய்விட்டது. வேறு என்ன இருக்கிறது என்று வரைபடத்தைத் துழாவியபோதுதான் சோக்கேகிராவ் கண்ணில் பட்டது. அபுரிமாக் ஆற்றுக்கு மேலே, சுமார் 3,050 மீட்டர் உயரத்தில், ஒரு மலைமுதுகில் இன்கா மக்கள் கட்டிய ஊர். ரயில் கிடையாது, சாலை கிடையாது, நடந்துதான் போக வேண்டும். பாதிக்கு மேல் இன்னும் காட்டுக்குள் மூடித்தான் கிடக்கிறது. கேபிள் கார் போடப்போவதாகப் பல வருடமாகப் பேச்சு, அது வருவதற்குள் போய்விட வேண்டும் என்று நானும் தம்பியும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, "அவ்வளவு உயரம் ஒத்துக்குமா?" உண்மையில் விமானம் போய் இறங்கும் குஸ்கோ நகரமே 3,400 மீட்டர், சோக்கேகிராவ் அதைவிடத் தாழ்வு. குஸ்கோவில் மூன்று நாள் சும்மா இருந்து, கோகா இலைத் தேநீர் குடித்து, மெதுவாக நடந்து பழகிவிட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று, அதை நான் ஒரு கிராஃப் தாளில் பாதையின் உயரங்களை வரைந்து பார்த்த ராத்திரிதான் புரிந்துகொண்டேன்.

நடை தொடங்கும் கப்புலியோக் ஏறத்தாழ 2,900 மீட்டர். அங்கிருந்து பாதை நேராகப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிளாயா ரோசலினா என்ற ஆற்றங்கரை வரை. பாலத்தைத் தாண்டியதும் எதிர்ச் சுவரில் வளைந்து வளைந்து மறுபடி 1,300 மீட்டர் ஏறினால் மராம்பாட்டா என்ற சின்ன ஊர், சோக்கேகிராவுக்கு அங்கிருந்துதான் போக வேண்டும். திரும்பி வருவதும் அதே வழிதான். தம்பி தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணா, மலைக்குப் போறோம்னு சொல்லிட்டு முதல் நாள் முழுக்க இறங்கிட்டே இருக்கோமே?" என்றான். அதுதான் இந்தப் பயணத்தின் சூட்சுமம். மேலே குளிர், கீழே கள்ளிச்செடி முளைத்த காய்ந்த சூடு, ஆற்றங்கரையில் ரத்தம் குடிக்கும் பொடி ஈக்கள் வேறு. அந்த ஊர்க்காரர்களின் கெச்சுவா மொழியில் அந்த ஈக்கு 'பூமாவையே (மலைச்சிங்கத்தையே) அழவைப்பது' என்று அர்த்தம் வரும் பெயர் வைத்திருக்கிறார்கள், கடி வாங்கியவர்களுக்கு ஏன் என்று தெரியும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

அதனால் நாங்கள் நாளைக் கணக்குப் பார்க்காமல் நிழலைக் கணக்குப் பார்த்தோம். அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிற இடம், ஜூனில் சூரியன் நாள் முழுக்க வட வானத்தில்தான் இருக்கும். அப்படியென்றால் வடக்குப் பார்த்த சரிவுதான் காயும். நாம் முதலில் இறங்கும், கடைசியில் களைத்துப்போய் ஏறும் கப்புலியோக் சரிவுதான் அது. அதை உச்சி வெயிலில் ஏறக்கூடாது என்று தீர்மானித்தோம். வழக்கமாக நான்கு நாளில் போய்வருவார்கள், நாங்கள் ஐந்து வைத்துக்கொண்டோம். போகும்போது முதல் ராத்திரி பாதிச் சரிவிலேயே, சிக்கிஸ்கா என்ற இடத்தில் கூடாரம். விடியுமுன் கிளம்பி ஆற்றைக் கடந்து, பதினொரு மணிக்குள் மராம்பாட்டா. மூன்றாம் நாள் முழுக்க இடிபாடுகளுக்கு. திரும்பும்போது மறுபடி சிக்கிஸ்காவில் தங்கி, கடைசி ஏற்றத்துக்கு அதிகாலை மூன்று மணி. மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, மழைக்காலத்தில் அந்த மண்சரிவுப் பாதையை யோசிக்கவே வேண்டாம்.

பயிற்சி என்றால் எல்லோரும் ஏறப் பழகுகிறார்கள், நாங்கள் இறங்கப் பழகினோம். வெள்ளியங்கிரி இறங்கியவர்களுக்குத் தெரியும், மூச்சு வாங்குவது ஏறும்போது, முழங்கால் போவது இறங்கும்போது. மூன்று மாதம் தினமும் அடுக்குமாடிப் படியில் முதுகில் எட்டுக் கிலோவோடு இறங்கினோம். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் கண்டிப்பாக வேண்டும்.

சுமைக்குக் கோவேறு கழுதை பேசிக்கொள்ளலாம், காசு கூட ஆனாலும் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் கழுதைக்காரர் மூட்டை ஏற்றுமுன் ஒரு துணியால் அதன் கண்ணை மூடினார். மூடினதும் அது சிலை மாதிரி நின்றது, காது மட்டும் அவர் குரல் வந்த பக்கம் திரும்பித் திரும்பி வந்தது. கயிற்றை வயிற்றுக்கடியில் இழுத்து, முழங்காலை முட்டுக்கொடுத்து இறுக்கி முடிச்சுப் போட்டு, துணியை எடுத்தார், அது ஒன்றும் நடக்காதது போல நடக்க ஆரம்பித்தது.

சோக்கேகிராவ் ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மச்சு பிச்சுவுக்கு 1911இல் போன அமெரிக்க ஆய்வாளர் ஹைராம் பிங்கம் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1909இல், இங்கே வந்திருக்கிறார், அவருக்கும் முன்னால் புதையல் தேடி வந்தவர்கள் உண்டு. குஸ்கோவில் பார்க்கிற, ஊசி நுழையாத வெட்டுக்கல் சுவரை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இந்த மலையின் கல் ஏடு ஏடாகப் பிளந்து வரும், அதை அடுக்கி மண் பூசித்தான் கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சாம்பல் கல்லை வைத்துத்தான் அவர்கள் செய்த வேலையைப் பார்க்கவே நான் இவ்வளவு தூரம் போனேன். மேற்குப் பக்கம் செங்குத்தான படிகளில் இறங்கினால் அடுக்கு வயல்களின் தாங்குசுவர்கள் வரும். அவற்றில் வெள்ளைக் கற்களைப் பதித்து லாமா என்ற சுமை சுமக்கும் விலங்கின் உருவங்களைச் செய்திருக்கிறார்கள். கழுத்து ஒரு கல், உடம்பு நாலைந்து கல், கால் இரண்டு மூன்று, அவ்வளவுதான், ஆனால் நடக்கிறது. சில பெரிது, சில சிறிது. தம்பி எண்ணிக்கொண்டே இறங்கினான், பதினேழில் நிறுத்தினோம். இன்னும் கீழ்த்தட்டுகளில் இருக்கிறது, ஆனால் மணி மூன்று ஆகிவிட்டது, அந்தப் படியெல்லாம் ஏறி மராம்பாட்டா திரும்ப வெளிச்சம் வேண்டும்.