மூக்குக் கண்ணாடியை எங்கே மாட்டுவது?

'மூக்கும் முழியுமாக இருக்கிறாள்' என்று என்னை யாரும் சொன்னதில்லை. முழிக்கு மட்டும் பாராட்டு கிடைக்கும். மூக்கின் முறை வந்ததும் 'அப்படியே அப்பா' என்று நிறுத்திக்கொள்வார்கள். நடுவில் எலும்பு புடைத்து நுனி சற்றே தொங்கிய அந்த மூக்கு, மீசையோடு இருந்த அப்பாவுக்குப் பொருந்தியது. எனக்கு முப்பத்தாறு வயதாகிறது; அதைத் திருத்திக்கொள்ளலாமா என்று இரண்டு ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் அண்ணா நகரில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். கைப்பேசியில் நானே எடுத்திருந்த படங்களைக் காட்டியபோது அவர் அவற்றை ஒதுக்கிவைத்தார். ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகன்று தெரியும் என்று 2018இல் அமெரிக்காவில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்களாம். பிறகு அவரே தள்ளி நின்று நேராகவும் பக்கவாட்டிலும் கீழிருந்தும் படம் எடுத்தார். அகலம் குறித்த என் குறையில் பாதி அங்கேயே கரைந்தது. புடைப்பு மட்டும் எந்தக் கோணத்திலும் அசையாமல் இருந்தது.

அந்தப் புடைப்பின் மேற்பகுதி எலும்பு, கீழ்ப்பகுதி குருத்தெலும்பு. அதைச் சீவியெடுத்தால் மூக்கின் மேற்புறம் கூரையில்லாமல் தட்டையாகிவிடும் என்பதால், பெரும்பாலும் இருபக்க எலும்புகளையும் அளவாக உடைத்து உள்நோக்கி நகர்த்திச் சேர்க்கிறார்கள். மூக்குடைபடுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை முழு மயக்கத்தில் பணம் கொடுத்துச் செய்துகொள்ளப்போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. காப்பீடும் உதவாது, எனக்கு மூச்சுத்தடை எதுவும் இல்லை, இது முழுக்க அழகுக்காகத்தான்.

அம்மாவின் வாதமும் அதுவே. சுசுருதர் காலத்திலிருந்து இந்த நாட்டில் மூக்கைச் சீரமைத்திருக்கிறார்கள், நெற்றித் தோலை இறக்கி மூக்கு அமைத்த புனே சிகிச்சையைப் பற்றி 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு வெளியிட்டது என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். "அவங்களுக்கு மூக்கு போயிருந்துச்சு, உனக்குத்தான் இருக்கேடி" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் என்னைத் தயங்கவைப்பது அம்மா அல்ல, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாட்கள்தான். முதல் வாரம் மூக்கின்மேல் கட்டுப்பட்டை இருக்கும். கண்களைச் சுற்றிய வீக்கமும் கன்றலும் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் வடியும். உள்ளே வீங்கியிருப்பதால் வாயால்தான் மூச்சு. தலையை உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலைவழியாக இழுத்து மாட்டும் குர்தாவுக்குப் பதில் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி. முகம் முழுதும் மூடும் ஹெல்மெட்டைக் கன்னத்தை அழுத்தி மாட்டிக் கழற்றுவதை நினைத்தாலே வலிக்கிறது, ஆகவே ஸ்கூட்டிக்கும் விடுப்பு. சென்னையின் வெயிலும் புழுக்கமும் இதோடு சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்து, சித்திரை வைகாசியை முதலிலேயே அடித்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விடச் சிக்கல் மூக்குக் கண்ணாடி. என் பவர் மைனஸ் ஐந்து. உடைத்துச் சேர்த்த எலும்பு இறுகும்வரை, அதாவது ஏறத்தாழ ஆறு வாரம், கண்ணாடியின் பாரம் மூக்குத்தண்டில் விழக் கூடாது. விழுந்தால் அந்த இடம் அமுங்கிப்போகலாம். வீக்கம் வடிந்ததும் கான்டாக்ட் லென்ஸ் போடலாம் என்றார் சர்ஜன். அதுவரை கண்ணாடியை நெற்றியில் டேப் ஒட்டித் தொங்கவிட வேண்டுமாம். அந்தக் கோலத்தில் பால்காரருக்குக் கதவைத் திறப்பதை நினைத்து நானே சிரித்துவிட்டேன். என் மூக்குத்தியையும் முன்பே கழற்றிவிட வேண்டும்; திரும்பப் போடும் நாளுக்குள் துளை தூர்ந்துபோகவும் கூடும். பதினோரு வயதில் அம்மா பக்கத்தில் நின்று குத்தவைத்தது அது.

கடைசியாக சர்ஜன் கட்டைவிரலால் என் மூக்கு நுனியை அழுத்திப் பார்த்து, "தோல் கொஞ்சம் தடிமன். நுனி வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம் ஆகும், அதுக்கு மேலயும் ஆகலாம்" என்றார். கணினியில் அவர் மாற்றிக் காட்டிய படம் வாக்குறுதி அல்ல என்றும், சிலருக்கு மறுபடி திருத்த நேரிடும் என்றும், அதற்கும் ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும் என்றும் அவரே சொன்னதால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

தை பிறந்ததும் வந்து சொல்வதாகக் கூறியிருக்கிறேன். இதற்கிடையில் இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுத்துப் பழகுகிறேன். நேற்று விடியற்காலை விழித்தபோது குப்புறக் கிடந்தேன். அப்பாவின் மூக்கு தலையணையில் நன்றாகப் புதைந்திருந்தது.