கண்ணாடிக்காரர் மைக்கன்

சாயங்காலம் கூடைப்பந்து மைதானத்தில் ஒரு பையன். கண்ணாடி விழாமலிருக்கத் தலைக்குப் பின்னால் ரப்பர் பேண்டு கட்டியிருந்தான்.

கூடைக்கு நேர் கீழே நின்று வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று. பந்து தரையைத் தொடவே இல்லை.

"இதுக்கு என்னப்பா பேரு?"

"மைக்கன் டிரில், அங்கிள்."

மைக்கன் யாரென்று கேட்டேன். தெரியாதாம்.

ஜார்ஜ் மைக்கன், அந்தக் கால அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம். 6 அடி 10 அங்குலம். அவரும் கண்ணாடிக்காரர்தான், சோடாபுட்டி. டீபால் பல்கலைக்கழகத்தில் ரே மேயர் என்ற பயிற்சியாளர் போட்டு வாங்கிய பயிற்சி இது. அப்புறம் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணி.

1949-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கின் வாசல் பலகையில், உள்ளூர் நிக்ஸ் அணியோடு மோத வந்த லேக்கர்ஸின் பெயரே இல்லை, இவர் பெயர்தான். இவரை அடக்கவே 1951-ல் கூடைக்கு முன்னால், தாக்கும் அணியினர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். ஒரே ஆளுக்காகக் கோட்டை அழித்துப் போட்டிருக்கிறார்கள்!

கடைசிக் காலம்தான் பாவம். நீரிழிவில் ஒரு கால் போனது. ஓய்வூதியமோ சொற்பம். 2005-ல் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவைப் பிற்காலக் கூடைப்பந்து நட்சத்திரம் ஷகில் ஓநீல் ஏற்றுக்கொண்டார்.

எல்லாவற்றையும் பையனிடம் சொன்னேன்.

"சரி அங்கிள்" என்று கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.

வலது. இடது.